நத்தார் வாழ்த்தட்டையில் நடிகையின் முகம்: மறைக்கப்பட்ட உழைப்புப் பற்றிய ஒரு நோக்கு

திறனாய்வு என்றதும் காவியம், நாடகம், நாவல், ஓவியம் முதலிய பெருவடிவங்களையே மனத்திற் கொள்ளுதல் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். ஓரிரு பென்னிக்கு விற்கப்பட்டு, அரைப் பென்னி முத்திரையோடு வீட்டுக்கு வீடு சென்று, சட்டகத்திலோ சேகரிப்பு ஏட்டிலோ சில காலம் தங்கி, பின்னர் பழம்பொருள் வணிகரிடம் போய்ச் சேர்ந்த ஒரு சிறு அட்டையைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தானே கொண்டிருந்த கற்பனைகள் பெருங்காவியங்களிலும் பார்க்க இத்தகைய சில்லறைப் பொருள்களிலே சில வேளைகளிற் கூடுதலான தெளிவுடன் வெளிப்படுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளிற் பிரித்தானியாவிலே பல்லாயிரக்கணக்காக அச்சிடப்பட்ட, மேடை நடிகையரின் நிழற்படங்களைத் தாங்கிய நத்தார் வாழ்த்தட்டைகள் அத்தகையன.

இவ்வட்டைகளைப் பற்றி இருவகையான நோக்குகள் நிலவுகின்றன. முதலாவது, சேகரிப்பாளர் நோக்கு. மறைந்துபோன ஒரு நளினமான காலத்தின் ஞாபகார்த்தங்களாகவும், அழகுக்காகவே போற்றத்தக்க சிறு கலைப்பொருள்களாகவும் அவற்றைக் காண்பது இந்நோக்கு. இரண்டாவது, இதற்கு நேரெதிரானது: மக்களை மயக்குவதற்கு முதலாளித்துவம் உற்பத்தி செய்த மலிவுச் சரக்கு என்று ஒரே வாக்கியத்தில் அவற்றைத் தள்ளிவிடுவது. முன்னையது அட்டையை வரலாற்றிலிருந்து பிரித்தெடுக்கின்றது. பின்னையது வரலாற்றைச் சூத்திரமாகச் சுருக்கிவிடுகின்றது. மார்க்சியம் என்ற பெயரில் இரண்டாவது நோக்கை முன்வைப்போரும் உளர் என்பதால் அதனையும் விமரிசிக்க வேண்டியது அவசியமாகின்றது. இவ்வட்டைகளின் நடுவிலே நிற்பவள் ஓர் உழைப்பாளி. தான் உழைப்பவள் என்பது தெரியாதிருக்கும்வரையிலேயே அவளுக்கு அந்த நடுவிடம் கிடைத்தது. இந்த முரண்பாட்டினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நத்தார் வாழ்த்தட்டையின் தோற்றத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். அச்சிடப்பட்டு விற்பனைக்கு வந்த முதலாவது நத்தார் வாழ்த்தட்டை 1843 ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாயிற்று. அதனைத் திட்டமிட்டவர் ஹென்றி கோல். வரைந்தவர் ஜோன் கல்கொட் ஹோஸ்லி. ஆயிரம் படிகள் அச்சிடப்பட்டு, கையால் வர்ணந்தீட்டப்பட்டு, படியொன்று ஒரு சிலிங்குக்கு விற்கப்பட்டது. கோல் சாதாரண வணிகரல்லர். 1840 இல் நடைமுறைக்கு வந்த ஒரு பென்னி அஞ்சல் சீர்திருத்தத்தில் பங்கு கொண்டவர். பின்னர் 1851 ஆம் ஆண்டின் மாபெரும் கைத்தொழிற் பொருட்காட்சியை ஒழுங்கு செய்தவர்களுள் ஒருவர். எழுச்சி பெற்றுவந்த கைத்தொழில் முதலாளித்துவத்தின் அமைப்பாற்றலுக்கு அவரை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அந்த அட்டையின் அமைப்பு கூர்ந்து நோக்கற்பாலது. நடுவிலே வசதியான குடும்பமொன்று விருந்துண்டு மதுக்கிண்ணங்களை உயர்த்துகின்றது. இரு பக்க ஓரங்களிலும் ஏழைகளுக்கு உணவளித்தலும் உடையளித்தலும் சிறு படங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. குழந்தைகளும் மது அருந்துவதாகக் காட்டப்பட்டமை மதுவிலக்கு வாதிகளின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஏழைகள் ஓரத்தில் இருந்தமை பற்றிக் கண்டனம் எழுந்ததாகத் தெரியவில்லை. அதே 1843 டிசம்பரிலேதான் டிக்கன்ஸின் புகழ்பெற்ற நத்தார்க் கதையும் வெளியாயிற்று. அவ்வேளையில் இளைஞரான ஏங்கல்ஸ் மான்செஸ்டரில் வாழ்ந்து, 1845 இல் நூலாக வெளிவரவிருந்த ஆங்கிலத் தொழிலாள வர்க்க நிலைமை பற்றிய ஆய்வுக்கான செய்திகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆண்டுக்கு முன்னரே, 1842 இல், வடபகுதி ஆலைகளைப் பெரும் வேலைநிறுத்த அலையொன்று உலுக்கியிருந்தது. ஆகவே முதல் நத்தார் அட்டை பிறந்த சூழல் அமைதியானதொன்றன்று. உழைப்போர் உரிமை கேட்டெழுந்த தருணத்தில், அவர்களைத் தருமம் பெறுவோராக ஓரத்தில் நிறுத்தி, குடும்ப மகிழ்ச்சியை நடுவில் வைத்த ஓவியம் அது. உரிமையின் இடத்தை ஈகை பெற்றுக்கொண்டது. ஏழைகள் அதில் ஓரத்திலாவது இருந்தார்கள் என்பதையும் இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும்.

அறுபது ஆண்டுகளின் பின்னர் வெளிவந்த நடிகையர் அட்டைகளை இதனோடு ஒப்பிட்டு நோக்கும்போது மாற்றத்தின் தன்மை துலாம்பரமாகும். அம்மாற்றத்துக்கு அடிப்படையாயமைந்த பொருளியற் காரணிகளை முதலில் நோக்குவோம்.

பிரித்தானியாவில் அரைப் பென்னி தபாலட்டை 1870 ஒக்டோபரில் அறிமுகமாயிற்று. தனியார் அச்சிட்ட அட்டைகளில் முத்திரை ஒட்டி அனுப்புவதற்கு 1894 இல் அனுமதி கிடைத்தது. 1902 இல் அட்டையின் பின்புறத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறு பாதியிற் செய்தியும் எழுதலாம் என அஞ்சல் திணைக்களம் விதித்தது. அதுவரை செய்தி படத்துக்கு அருகே நெருக்கியெழுதப்பட்டது. இனி முன்புறம் முழுவதும் படத்துக்குரியதாயிற்று. நிருவாக விதியொன்றிற் செய்யப்பட்ட இச்சிறு மாற்றம் ஒரு முழுத் தொழிலுக்கும் வாயில் திறந்தது. 1900களின் பிற்பகுதியிற் பிரித்தானிய அஞ்சல் வழியாக ஆண்டொன்றுக்கு 800 மில்லியனுக்கு மேற்பட்ட தபாலட்டைகள் சென்றன.

தொழில்நுட்பமும் இதற்கு இசைவாக வளர்ந்தது. நீண்ட புரோமைட்டுத் தாட்சுருளிலே நிழற்படங்களை இயந்திர வேகத்திற் பதிக்கும் முறை ஜேர்மனியில் விருத்தியடைந்திருந்தது. இலண்டனில் றோட்டரி நிழற்படக் கம்பனி அம்முறையிலே பேரளவு உற்பத்தியை மேற்கொண்டது. பீகிள்ஸ், டேவிட்சன் சகோதரர், ரபயேல் ரக் முதலிய வெளியீட்டாளரும் போட்டியில் இறங்கினர். ரக் நிறுவனம் 1880 இலேயே வாழ்த்தட்டை வடிவமைப்புக்கெனப் பெரும் பரிசுப் போட்டியொன்றை நடத்திய நிறுவனம். ஃபோல்ஷம் அன்ட் பான்ஃபீல்ட், பசானோ போன்ற நிழற்பட நிலையங்கள் நடிகையரைப் படம் பிடித்தன, வெளியீட்டாளர் அச்சிட்டனர், பெண்கள் பலர் பட்டறைகளிலே கன்னத்துக்குச் சிவப்பும் உடைக்கு நீலமுமாக வர்ணந்தீட்டினர். அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த அட்டையிலும் இல்லை.

இவ்வுற்பத்திக்குத் தேவையான முகங்களை வழங்கியது இலண்டன் அரங்கு. அதிலும் குறிப்பாக, ஜோர்ஜ் எட்வேர்ட்ஸ் நிருவகித்த கெயிற்றி, டேலிஸ் ஆகிய அரங்குகளையும் அவை வளர்த்த இசை மகிழ்நெறி நாடகத்தையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1893 இல் ‘ஒரு கெயிற்றிப் பெண்’, 1894 இல் ‘கடைப் பெண்’, 1909 இல் ‘எங்கள் மிஸ் கிப்ஸ்’ என இந்நாடகங்களின் தலைப்புக்களே அவற்றின் பொருளைச் சொல்லிவிடுகின்றன. கடைசியாகக் குறிப்பிட்ட நாடகத்தின் தலைவி யோர்க்ஷயரிலிருந்து இலண்டனுக்கு வந்து பல்பொருட் பேரங்காடியொன்றிலே பணிபுரியும் பெண். மாறுவேடத்திலே வந்த பிரபுவொருவனின் காதலுக்கு உரியவளாகின்றாள். இப்பாத்திரத்தை ஏற்ற கேர்ட்டி மில்லரும் யோர்க்ஷயரின் நெசவாலை நகரான பிராட்ஃபோர்டில், கம்பளி நெசவுத் தொழிலாளியொருவரின் மகளாகப் பிறந்தவர். நாடகக் கதையும் நடிகையின் வாழ்க்கையும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவனவாகத் தோன்றின.

அதே காலத்திலே உண்மையான கடைப் பெண்களின் நிலை என்ன? பலர் கடை உரிமையாளர் வழங்கிய விடுதிகளிலே தங்கி வேலை செய்யவேண்டியிருந்தது. நீண்ட வேலை நேரம், சிறு தவறுகளுக்கும் அபராதம், விடுதி விதிகளின் கட்டுப்பாடு என்பன அவர்களின் அன்றாட அனுபவங்கள். தாமே கடைப் பணியாளராக இருந்த மார்கரெட் பொண்ட்ஃபீல்ட் 1890களின் பிற்பகுதியில் இந்நிலைமைகளை உள்ளிருந்தே ஆராய்ந்து வெளிப்படுத்தினார். பின்னர் 1929 இற் பிரித்தானிய அமைச்சரவையில் இடம்பெற்ற முதலாவது பெண்ணும் அவரே. கடைப் பணியாளருக்கு வாரத்தில் ஓர் அரைநாள் விடுமுறை சட்டமானது 1911 இலேதான். கடைப் பெண்ணின் வாழ்க்கை அரங்கில் 600 இரவுகளுக்கு மேல் ஆடிப்பாடப்பட்டதன் பின்னரே அவளுக்கு அந்த அரைநாள் கிடைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நடிகையர் சிலர் உயர்குடியினரை மணந்தமை இக்கனவுக்கு நிழற்படச் சான்றாயிற்று. கொனி கில்கிறிஸ்ட் 1892 இல் ஓர்க்னிப் பிரபுவையும், றோசி பூட் 1901 இல் ஹெட்ஃபோர்ட் பிரபுவையும் மணந்தனர். கேர்ட்டி மில்லர் தம் முதற் கணவர் இறந்தபின் 1924 இல் டட்லிப் பிரபுவின் மனைவியானார். விரல்விட்டு எண்ணத்தக்க இம்மணங்கள் பல்லாயிரம் தடவை செய்தியாயின. ஊர் ஊராகச் சுற்றிய குழுக்களிலே பாடியும் ஆடியும், பருவம் முடிந்ததும் வேலையிழந்தும் வாழ்ந்த எண்ணற்ற பெண்கள் செய்தியாகவில்லை. விதிவிலக்கை விதியாகக் காட்டுதல் கருத்தியலின் அடிப்படைத் தொழிற்பாடுகளுள் ஒன்றாகும்.

இனி நத்தார் அட்டைகளின் அமைப்பினை நோக்குவோம். ஸீனா டெயர், அவரது தங்கை பிலிஸ் டெயர், மறீ ஸ்ரட்ஹோம், கபிரியல் றே, லிலி எல்சி முதலானோர் அட்டைகளில் மீண்டும் மீண்டும் தோன்றியவர்கள். வெளியீட்டாளர் பெரும்பாலும் ஏற்கெனவே எடுக்கப்பட்ட படத்தையே மீளப் பயன்படுத்தினர். அதே சிரிப்பு, அதே பார்வை. சுற்றிவர ஹொலி இலைச் சட்டகம் ஒன்றும் வாழ்த்துரை ஒன்றும் சேர்ந்தால் அது நத்தார் அட்டை. சட்டகத்தை மாற்றினால் புத்தாண்டு அட்டை. நீக்கினால் சாதாரண அட்டை. சில படங்களில் உரோம உடையும் தீட்டப்பட்ட பின்திரையும் பொய்ப்பனியும் துணைசெய்தன. பண்டிகை என்பது இங்கே முகத்தின் மீது அச்சிடப்படும் மேலொப்பமாகச் சுருங்கிவிடுகின்றது. முதல் நத்தார் அட்டையிலும் சமயக் காட்சி இருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அதில் ஒரு குடும்பமும், ஓர் ஈகைச் செயலும், ஏதோவொரு சமூக உறவும் காட்டப்பட்டன. நடிகை அட்டையில் உறவு எதுவும் இல்லை. தனித்த முகமொன்றும் அதனைப் பார்க்கும் ஒருவரும் மட்டுமே எஞ்சினர்.

படத்தின் அடியிலே ‘மிஸ்’ என்ற சொல்லோடு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கேர்ட்டி மில்லர் 1902 இலேயே இசையமைப்பாளர் லயனல் மொங்ரனை மணந்துவிட்டார். அட்டைகளில் அதன் பின்னரும் அவர் ‘மிஸ்’ ஆகவே இருந்தார். அரங்கத் தொழிலிலே அது ஒரு மரபு என்று கூறலாம். ஆயினும் சந்தையில் அம்மரபு ஆற்றிய பணி வேறு. வாங்குவோனின் கற்பனைக்குத் தடையாக எந்தக் கணவனும், எந்தக் குடும்பமும், எந்த வேலைநேரமும் குறுக்கிடாத ஒரு முகத்தை அது உறுதிசெய்தது. நிர்வாண மாதிரிகளைக் கொண்டு ஓவியம் பயில்வதை 1885 அளவிற் கடுமையாக எதிர்த்துக் கேலிக்குள்ளானவர் முதல் நத்தார் அட்டையை வரைந்த ஹோஸ்லி. அவர் தொடக்கிவைத்த வடிவமே ஒரு தலைமுறை கழிவதற்குள் பெண்ணின் தோற்றத்தை விற்கும் சாதனமாயிற்று. இதனை ஒழுக்கத்தின் வீழ்ச்சி என்று புலம்புவதிற் பயனில்லை. ஹோஸ்லியின் ஒழுக்கமும் அட்டை வணிகரின் இலாபமும் பெண்ணைக் காட்சிப்பொருளாகவே கொண்டன. ஒன்று அவளை மூட விரும்பியது, மற்றது அளவறிந்து திறந்தது.

இவ்விடத்து மிக முக்கியமான உண்மையொன்றைக் குறிப்பிடல் வேண்டும். ஆங்கில அரங்கிலே நத்தார்க்காலம் ஓய்வுக்காலமன்று. ஆண்டின் மிகக் கடுமையான வேலைக்காலம் அதுவே. பாட்டும் ஆட்டமும் தேவதைக் கதையும் கலந்த ‘பன்ரொமைம்’ நாடகங்கள் நத்தாருக்கு மறுநாளை ஒட்டித் தொடங்கி வாரக்கணக்கில், பெரும்பாலும் நாளொன்றுக்கு இருமுறை, நடைபெற்றன. குடும்பங்கள் கூடிக் களித்த நாள்களிலேயே ஒத்திகையும் ஒப்பனையும் ஆட்டமுமாக நடிகையர் உழைத்தனர். டெயர் சகோதரியர் இருவரும் 1899 இற் கொறனெற் அரங்கிலே அத்தகைய நத்தார்க்கால நாடகமொன்றிலேயே முதன்முதல் மேடையேறினர். அப்போது ஸீனாவுக்கு வயது 12, பிலிசுக்கு 9. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேடையேற்றுவதற்குத் தடைவிதித்து, பத்து வயதுக்குக் குறைந்தோருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதித்த சட்டம் 1889 இல்தான் நிறைவேறியிருந்தது. பின்னாளில் நத்தார் அட்டைகளிலே கவலையற்ற சீமாட்டியராகக் காட்சி தந்த இவ்விருவருக்கும் நத்தார் என்பது இளமை முதலே ஒரு வேலைநாள். அட்டையைச் சுமந்து சென்ற தபாற்காரருக்கும் அவ்வாறே. நத்தார் தினத்தன்றும் அக்காலத்தில் அஞ்சல் விநியோகம் நடைபெற்றது.

பண்டத்தின் மாயத்தன்மை பற்றி மார்க்ஸ் கூறியது இங்கு நினைவுகூரத்தக்கது. மனிதர்க்கிடையேயான உழைப்புறவு பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோற்றமளிப்பதே அம்மாயம். நடிகை அட்டையில் இது ஒரு படி மேலே செல்கின்றது. மேசையோ துணியோ தன்னைச் செய்த உழைப்பாளியின் முகத்தை மறைக்கின்றது. இங்கே உழைப்பாளியின் முகமே பண்டமாகி, அம்முகத்தைக் கொண்டே உழைப்பு மறைக்கப்படுகின்றது. 1843 இல் உழைப்போர் ஓரத்தில் நின்றனர். 1907 இல் நடுவுக்கு வந்தனர். ஆயின் சீமாட்டி வேடத்திலேயே அங்கு வர முடிந்தது.

முகம் பண்டமாயின் அதன் உடைமையாளர் யார் என்ற வினா எழுகின்றது. 1862 ஆம் ஆண்டின் நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படங்களையும் உள்ளடக்கியது. அதன்படி, விலை கொடுத்துப் படம் எடுப்பித்தவரிடமே பதிப்புரிமை பொதுவாகச் சேரும். விலை பெறாது நிழற்படக்காரர் தாமே அழைத்துப் படம் எடுத்தால் உரிமை நிழற்படக்காரருக்குரியது. புகழ்பெற்ற நடிகையரை இலவசமாகப் படம் எடுக்க நிலையங்கள் ஆர்வங்காட்டியமைக்குக் காரணம் இதிலிருந்து பெறப்படும். நடிகைக்கு விளம்பரம், நிழற்படக்காரருக்கு உடைமை. விளம்பரம் அவளது கூலியை உயர்த்த உதவியது என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் தன் முகத்தின் மீது அவளுக்குச் சட்டரீதியான உடைமை இருக்கவில்லை.

1907 இல் நடந்த வழக்கொன்று இதனை ஐயத்திற்கிடமின்றி எடுத்துக்காட்டுகின்றது. கேர்ட்டி மில்லரின் தலையை வேறு உடல்களோடு இணைத்து உருவாக்கிய தபாலட்டைகளை வணிகரொருவர் விற்றார். அவை தமக்கு இழிவு தருவன எனக் கொண்டு மில்லர் அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றார். சந்தையின் தருக்கம் இவ்வொட்டுப்படங்களில் ஒளிவுமறைவின்றி வெளிப்பட்டுவிட்டது எனலாம். ஹொலி இலைச் சட்டகத்தை மாற்றிமாற்றிப் பொருத்திய அதே கைதான் உடலையும் மாற்றிப் பொருத்தியது. முன்னையதை நயமான வணிகம் என்றும் பின்னையதை இழிந்த வணிகம் என்றும் பிரித்துக் காண்போர், இரண்டும் ஒரே உற்பத்தி முறையின் இரு விளைவுகள் என்பதைக் காணத் தவறுகின்றனர்.

இதுவரை கூறியவற்றால் அட்டையை வாங்கியோரும் அனுப்பியோரும் வெறும் ஏமாளிகள் என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். தொடக்கத்திற் குறிப்பிட்ட இரண்டாவது நோக்கின் குறைபாடு இங்கேயே உள்ளது. நடிகை அட்டைகள் ஆண்களின் இச்சைக்கு மட்டுமே உரியன என்ற எண்ணம் அட்டைகளின் முன்புறத்தை மட்டும் பார்ப்பதால் ஏற்படுவது. பின்புறத்தை வாசிப்போமாயின் வேறொரு சித்திரம் கிடைக்கும். அவுஸ்திரேலியாவிற் பரிமாறப்பட்ட நடிகையர் அட்டைகளையும் அவற்றை அனுப்பியோரையும் பற்றி 2004 இல் வெளியான தமது ஆய்விலே வெரோனிக்கா கெலி இத்திசையிற் பயனுள்ள பணி செய்துள்ளார். பெண்கள் பெண்களுக்கு அனுப்பியவையும், சகோதரியும் தோழியும் சேகரிப்புக்காகப் பரிமாறிக்கொண்டவையும் இவ்வகை அட்டைகளிற் கணிசமானவை.

வேலைக்காரப் பெண்ணோ கடைப் பெண்ணோ தன் தங்கைக்கு அரைப் பென்னி செலவில் நத்தார் வாழ்த்து அனுப்பியபோது என்ன நிகழ்ந்தது? 1843 இல் ஒரு சிலிங்குக்கு விற்கப்பட்ட அட்டை அவளைப் போன்றோருக்கு எட்டாத பொருள். அதில் அவளுக்குரிய இடம் தருமம் பெறும் ஓரம். இப்போது அவளே வாழ்த்துபவள், அவளே தேர்பவள், தனக்குப் பிடித்த முகத்தை, தன் எழுத்தோடு அனுப்புபவள். பண்பாட்டுச் சாதனங்கள் மலிவடைவதில் உள்ள சனநாயகக் கூறு இது. முதலாளித்துவம் இலாபத்துக்காகவே இதனைச் செய்தது. ஆயினும் செய்யப்பட்ட பின் அது இலாபத்தோடு மட்டும் நின்றுவிடவில்லை. உற்பத்தியாளன் கருதிய பயனும் நுகர்வோர் கண்ட பயனும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி எதுவுமில்லை. அந்தப் பெண் அட்டையிலே கண்டது தன்னைப் போன்ற ஒருத்தியின் உயர்வினை. அந்த உயர்வு தனியொருத்திக்குரியதாகக் காட்டப்பட்டமையே ஏமாற்று. உயர விரும்பியது ஏமாற்றன்று.

அட்டை மறைத்தவற்றை வரலாறு முற்றாக மறைத்துவிடவில்லை. கேர்ட்டி மில்லர் வழக்காடிய அதே 1907 ஆம் ஆண்டின் ஜனவரியில் இலண்டன் இசைமண்டபக் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முந்திய ஆண்டு உருவாகிய பல்சுவைக் கலைஞர் சம்மேளனம் அதனை நடத்திற்று. மேலதிக ஆட்டங்களுக்குத் தனி ஊதியமின்மையும் ஒப்பந்தங்களின் கடுமையும் போராட்டத்துக்குக் காரணங்களாயின. பெருங்கூலி பெற்ற நட்சத்திரமான மறீ லொயிட், குறைந்த கூலி பெற்ற கலைஞர்களுக்காக மண்டப வாயில்களில் மறியலில் நின்றார். இசைமண்டபமும் கெயிற்றி போன்ற அரங்குகளும் வேறுபட்ட துறைகள் என்பது உண்மையே. ஆயினும் மேடைப் பெண் தன்னை உழைப்பாளியாகப் பகிரங்கமாக அறிவித்துக்கொண்ட தருணம் அது. அடுத்த ஆண்டு, 1908 இல், நடிகையர் வாக்குரிமைக் கழகம் நிறுவப்பட்டது. குரலையும் உடலசைவையும் கொண்டு வாழ்ந்த பெண்கள் அவற்றை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தனர். வாக்குரிமை நாடகங்களை எழுதியும் நடித்தும் இயக்கத்துக்கு வலுவூட்டினர். வாக்குரிமை இயக்கங்களும் தபாலட்டைகளை வெளியிட்டன. பாங்கேஸ்ட் முதலிய தலைவியரின் முகங்கள் அதே புரோமைட்டுத் தாளில், அதே அரைப் பென்னியில் உலாவின. ஒரே தொழில்நுட்பம் ஒரே காலத்தில் இருவேறு பெண்முகங்களை நாட்டுக்கு அளித்தது. ஒன்று பார்க்கப்படுவதற்கு, மற்றது கேட்கப்படுவதற்கு. தொழில்நுட்பம் எவர் கையில், எந்நோக்கத்துக்காக இருக்கின்றது என்பதே தீர்க்கமான வினா என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்தில் வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய, இயந்திர மறுவுற்பத்திக் காலக் கலை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையைக் கருத்திற் கொள்ளல் தகும். பழைய கலைக்குரிய வழிபாட்டு மதிப்பு நிழற்படத்தால் அழிந்துவருகையில், அது கடைசியாகப் புகலிடம் தேடியது மனித முகத்திலே என்பது அவர் கருத்து. தொலைவிலுள்ள அன்பர், இறந்த உறவினர் ஆகியோரின் பழைய நிழற்படங்களை மனத்திற் கொண்டே அவர் அவ்வாறு கூறினார். நடிகை அட்டை அந்தப் புகலிடத்துக்குள்ளும் சந்தை நுழைந்ததைக் காட்டுகின்றது. நத்தார் காலத்திலே வீட்டில் உறவினர் படம் வைக்கப்படும் இடத்தில், முன்பின் அறியாத ஒருத்தியின் முகம் வந்து அமர்ந்தது. அன்பின் அடையாளமாக ஒருவர் மற்றவருக்கு அனுப்பியது இருவரும் நேரில் அறியாத மூன்றாமவரின் சிரிப்பை. திரைப்பட நட்சத்திர வழிபாடு பணத்தாற் பேணப்படும் ஒரு மாயம் என்று பெஞ்சமின் அதே கட்டுரையில் விமரிசித்தார். அம்மாயத்துக்கான பயிற்சிக்களம் திரைப்படத்துக்கு முன்னரே இந்தச் சிறு அட்டைகளில் அமைந்துவிட்டது.

அட்டைகளின் பொற்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1914 இற் போர் மூண்டதும் ஜேர்மன் அச்சகங்களோடு இருந்த தொடர்பு அறுந்தது. 1918 ஜூனில் தபாலட்டைக் கட்டணம் அரைப் பென்னியிலிருந்து ஒரு பென்னியாக உயர்ந்தது. போருக்குப் பின்னர் நடிகையின் இடத்தைத் திரை நட்சத்திரம் பிடித்துக்கொண்டாள். அட்டையிற் சிரித்தோரின் பிற்கால வாழ்க்கையும் அட்டை சொன்ன கதைபோல் அமையவில்லை. கமீல் கிளிபர்ட் 1906 இல் மணந்த பிரபு குடும்பத்து வாரிசு 1914 இற் போர்முனையில் மாண்டார். அக்காலத்து மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்ட பெண்களுள் ஒருவரான கபிரியல் றே 1936 முதல் 1973 இல் இறக்கும்வரை மனநோய் மருத்துவமனையிலேயே காலங்கழித்தார். ஸீனா டெயர் 1911 இல் மணஞ்செய்து மேடையை விட்டு, 1926 இல் மீண்டும் வந்து, முதுமையிலும் நடித்தார். அட்டைக்கு வேண்டாத வயதிலே அவர் அரங்குக்கு வேண்டியவராக இருந்தார். அழகி என்ற பண்டம் காலாவதியான பின்னும் நடிகை என்ற உழைப்பாளி எஞ்சியிருந்தாள் என்பதற்கு இது நல்லதொரு சான்றாகும்.

எனவே இவ்வட்டைகளை மதிப்பிடும் திறனாய்வாளன் இரு கடமைகளை ஒருங்கே ஆற்றவேண்டியவனாகின்றான். சட்டகத்தினுள் இருப்பதை அவன் வெளியேயுள்ளவற்றோடு சேர்த்து வாசித்தல் வேண்டும்: நிழற்பட நிலையத்தின் பொய்ப்பனியை, நாளுக்கிரு முறை நடந்த ஆட்டத்தோடும், கன்னத்துச் செம்மையை, அதனைத் தீட்டிய பெயரற்ற பெண்ணின் விரல்களோடும், ‘மிஸ்’ என்ற சொல்லை, 1907 ஆம் ஆண்டு நீதிமன்றிலே தோற்ற மனைவியோடும். அத்துடன் அட்டையின் பின்புறத்தே மங்கலான மையில் எழுதப்பட்ட வாழ்த்துக்கும் அவன் மதிப்பளித்தல் வேண்டும். சந்தை விற்ற சிரிப்பைக் கொண்டு, தமக்குரிய அன்பினைத் தெரிவிக்க முயன்ற எளிய மனிதரின் கையெழுத்து அது. முன்புறம் மட்டும் பார்ப்போர் அழகைக் கண்டு மயங்குவர். அல்லது வெறுத்து ஒதுக்குவர். இரு புறமும் வாசிப்போருக்கே அட்டை தன் காலத்தின் முழுமையான சான்றாகும்.